துள்வாலியும் அதனை ஒத்த பூச்சிகளும்

ஐப்பசி மழை விழுந்து மண் நன்றாக நனைந்தபின், பண்டாரவளைப் பகுதிக் கமக்காரர் தமது போஞ்சிப் பாத்தியிற் கிடக்குஞ் சருகையோ சாணக் கட்டியையோ புரட்டுவாராயின், எள்ளினுஞ் சிறிய உயிர்கள் பல அங்குமிங்குந் துள்ளித் தெறிப்பதைக் காண்பார். அவற்றுட் சில பால்போல் வெண்மையானவை. சில சாம்பல் நிறமானவை. வாடிய போஞ்சிக் கன்றைப் பிடுங்கினால், அதன் வேரடியிலும் இவை கூட்டமாக இருக்கும். கன்று வாடியிருக்கிறது, வேரடியிற் பூச்சி இருக்கிறது, ஆகவே பூச்சியே கன்றை வாட்டியது என்று எண்ணுதல் இயல்பே. அன்று மாலையே கடைக்குச் சென்று பூச்சிநாசினி வாங்கி மண்ணில் ஊற்றுவோரும் உளர். ஊற்றிய பின்னருங் கன்றுகள் ஒவ்வொன்றாக வாடிக்கொண்டே போகும். ஏனெனில், கன்றை வாட்டியது வேறு, துள்ளியது வேறு.

துள்ளும் அவ்வுயிர் யாது, அதனைப்போலத் தோன்றும் பிற உயிர்கள் யாவை, அவற்றுட் பயிருக்குக் கேடு செய்வன எவை என்பவற்றை வெறுங்கண்ணாலும், பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்றினாலும், ஒரு சிரட்டைத் தண்ணீராலும் அறிந்துகொள்ளலாம். அம்முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

துள்வாலியின் உருவம்

ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் எனவும், விஞ்ஞான நூல்களிற் கொலம்போலா எனவும் இவ்வுயிர் வழங்கப்படும். வாலினால் துள்ளுவது பற்றி நாம் இங்கு இதனைத் துள்வாலி என அழைப்போம். பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் நீளமுடையவை. ஆறு கால்கள் உண்டு. இறகுகள் எக்காலத்தும் இல்லை. தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கும். அவை பெரும்பாலும் நான்கு கணுக்கள் கொண்டவை. குஞ்சுக்குந் தாய்க்கும் உருவத்தில் வேறுபாடில்லை, பருமனில் மட்டுமே வேறுபாடு. புழுப்பருவமோ கூட்டுப்புழுப்பருவமோ இதற்கு இல்லை.

இதனை ஐயமின்றி அறிதற்குரிய அடையாளம் வயிற்றின் கீழ்ப்புறத்தில் உள்ளது. அங்கே கவைக்கோல் போன்று இரண்டாகப் பிரிந்த வாலொன்று, பின்னிருந்து முன்னாக மடிந்து, சிறு கொளுக்கி ஒன்றினால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். அச்சமுற்றதும் உயிர் கொளுக்கியைத் தளர்த்தும். மடிந்த வால் நிலத்தை ஓங்கி அடிக்க, உடல் தன் நீளத்தினும் பன்மடங்கு தூரம் மேலே எறியப்படும். எங்கே விழுவோம் என்பது அதற்கே தெரியாது. எனவே துள்வாலியின் பாய்ச்சல் வெட்டுக்கிளியின் பாய்ச்சல் போலக் குறிபார்த்த பாய்ச்சலன்று. பொரிச்சட்டியிற் கடுகு வெடிப்பதையே ஒத்தது. ஒருமுறை பார்த்துக்கொண்டவர் பின்னர் வில்லையின்றியே இதனை இனங்காண்பர்.

இரண்டாவது அடையாளம் வயிற்றின் முதற்கண்டத்தின் கீழுள்ள குறுகிய குழாய். அதனாலேயே இவ்வுயிர் நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. ஆங்கிலேயரான ஜோன் லபொக் என்பவர் 1873ஆம் ஆண்டில் இவ்வினங்களைப்பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். பசையைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவர் அமைத்த கொலம்போலா என்னும் பெயர், அக்குழாய் ஒட்டிக்கொள்ள உதவுவது என்ற கருத்திற் பிறந்தது. குழாயின் முதன்மையான தொழில் நீரைக் கொள்வதே எனப் பின்னர் அறியப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வுயிரைப் பூச்சி எனப் பேச்சு வழக்கிற் சொல்கிறோமாயினும், இதன் வாயுறுப்புகள் தலைக்குள்ளே மறைந்திருப்பதால், இக்கால விஞ்ஞானிகள் இதனை உண்மைப் பூச்சிகளினின்றும் பிரித்து வைப்பர். உலகில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் இனங்களுக்கு இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. இவற்றின் பழைமையும் பெரிது. ஸ்கொத்லாந்திலுள்ள ரைனி என்னுமிடத்துக் கல்லில் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட துள்வாலியின் உடல் காணப்பட்டது. அதனை 1926ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்ட இருவருள் ஒருவர் இந்தியரான எஸ். மவுலிக். நெல்லும் போஞ்சியும் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே துள்வாலி மண்ணில் வாழ்ந்திருக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

உருவத்தால் துள்வாலிகளை நீண்டவை, உருண்டவை என இருவகைப்படுத்தலாம். சருகின் மேலும் புல்லின் மேலும் வாழ்பவை நிறமுடையனவாயும், நீண்ட வாலுடையனவாயும், கண்ணுடையனவாயும் இருக்கும். மண்ணுக்குள் வாழ்பவை வெண்ணிறமாய், கண் குன்றியோ அற்றோ, வால் குறுகியோ முற்றாக இன்றியோ இருக்கும். ஆகவே துள்ளவில்லை என்ற ஒன்றைக் கொண்டு ஓர் உயிர் துள்வாலியன்று எனத் துணிந்துவிடுதல் தவறாகும்.

வெள்ளை இனங்கள்

கூட்டெருக் குவியலிலும், பூச்சாடி மண்ணிலும், நாற்றுத் தட்டிலும் காணப்படும் வெள்ளைத் துள்வாலிகளுள் உலகிற் பெரிதும் ஆராயப்பட்டது பொல்சோமியா கண்டிடா என்னும் இனம். வெண்ணிறம், கண்ணின்மை, நன்கு அமைந்த கவைவால் ஆகியவை இதன் குறிகள். இவ்வினத்தில் ஏறக்குறைய எல்லாம் பெண்ணே. ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுவதால், ஈரமும் உணவும் உள்ளவிடத்துச் சில கிழமைகளிற் கூட்டம் பன்மடங்காகும். மண்ணிற் கலந்த நஞ்சு எவ்வளவு என அறிதற்கு விஞ்ஞானிகள் இதனையே வளர்த்துப் பரிசோதிக்கின்றனர். சர்வதேச நியம நிறுவகம் 1999ஆம் ஆண்டில் அப்பரிசோதனைக்கு முறை வகுத்தது. ஊற்றிய மருந்தின் கேட்டை மண்ணில் முதலில் உணர்வனவற்றுள் இதுவும் ஒன்று என்பதே அதற்குக் காரணம்.

இதனோடு மயங்கக்கூடிய மற்றொரு வெள்ளை இனத்தொகுதி உண்டு. அதன் உடல் சற்றுத் தடித்தும், உணர்கொம்பு குறுகியும், கவைவால் இன்றியும் இருக்கும். தொட்டாற் துள்ளாது, மெல்ல ஊர்ந்து செல்லும். இத்தொகுதியைக் குறித்தே சிறிது எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சலினாஸ் பள்ளத்தாக்கில், புரொட்டபோரூரா பிமேட்டா என்னும் இவ்வின வெள்ளைத் துள்வாலி சலாது விதைகளையும் இளமுளைகளையுங் கொறித்தமை 2010களில் அறியப்பட்டது. அவுஸ்திரேலியாவில் லூசேண் தெள்ளு எனப்படும் உருண்ட பச்சைத் துள்வாலி, புற்றரைகளிலுள்ள குளோவர் இலையின் பசுமையைச் சுரண்டித் தின்னும் பீடையாகக் கருதப்படுகிறது. காளான் வளர்ப்போருக்கும் துள்வாலி நண்பனன்று. அது காளானின் வெண்ணூலைத் தின்னும். காளான் அறையின் தரையை உலர்வாகவும், பழைய பொதிகளின் கழிவின்றியும் வைத்தல் அதற்கு ஏற்ற பரிகாரம்.

இவை விலக்குகள். ஏனையவற்றுட் பெரும்பாலானவை மண்ணிலுள்ள பூஞ்சண நூலையும், பாசியையும், மக்கிய இலையையுமே தின்கின்றன. அழுகிய வேரடியில் அவை திரள்வது அழுகலைத் தின்பதற்காக. வீட்டில் இதனை நீங்களே பார்க்கலாம். வாயகன்ற போத்தலில் ஈரமண்ணிட்டு, நல்ல போஞ்சிக் கன்றொன்றை அதில் நாட்டி, மறுபுறத்தில் மக்கிய இலையொன்றை வைத்து, இருபது முப்பது துள்வாலிகளை விட்டு மூடிவையுங்கள். மூன்று நாட்களின் பின் திறந்தால், அவை பெரும்பாலும் மக்கிய இலையின் கீழேயே கூடியிருக்கும்.

வாடிய கன்றை வாட்டியது எது?

பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளிற் போஞ்சிக் கன்று முளைத்த இரண்டு மூன்று கிழமைகளுள் வாடுமாயின், முதலில் ஐயுறவேண்டியது போஞ்சி ஈயை. இது இரண்டு மில்லிமீற்றர் அளவான, மினுங்குங் கரிய ஈ. முதலிலைகளிற் காம்புக்கு அணித்தாக இளமஞ்சட் புள்ளிகள் பல இருந்தால், அவை ஈ குத்திய வடுக்கள். முட்டையிலிருந்து வெளிவரும் புழு இலைக்காம்பு வழியே தண்டுக்குள் இறங்கி, மண்மட்டத்தருகே தோலின் கீழே கூட்டுப்புழுவாகும். அவ்விடம் வீங்கி வெடிக்கும். வாடிய கன்றின் அடித்தண்டை நகத்தாற் கீறிப் பாருங்கள். தோலின் கீழே வெண்புழுவோ, அரிசிக் குறுநொய் போன்ற கபில நிறக் கூடோ காணப்பட்டால் காரணம் வெளிப்பட்டுவிட்டது. அதே வெடிப்பில் துள்வாலிகள் குடியிருக்கக் கூடும்; வீடு கட்டியவர் வேறு, பின்னர் வந்து குடியேறியவர் வேறு. தாக்குண்ட கன்றுகளைப் பிடுங்கி அழித்தல் வேண்டும். எஞ்சியவற்றுக்குத் தண்டடியில் மண் அணைத்தால், வெடிப்புக்கு மேலே புதுவேர் விட்டுப் பல கன்றுகள் பிழைக்கும்.

புழுவுமில்லை, கூடுமில்லை, ஆனால் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து நூலாய் மெலிந்து கன்று சாய்ந்து கிடக்கிறதாயின், அது நாற்றழுகல் நோய். இதனை விளைவிப்பது பூஞ்சணம். கோவா, தக்காளி, கறிமிளகாய் நாற்றுமேடைகளில் இது மிகுதி. நெருக்கி விதைத்தலும், மாலையில் மிகுதியாக நீர் ஊற்றுதலும், வடிகாலின்மையும் இதற்கு இடங்கொடுக்கும். மேடையை உயர்த்தி, ஐதாக விதைத்து, காலையில் மட்டும் அளவாக நீர் ஊற்றவேண்டும். விதைக்குமுன் மேடையின்மேல் வைக்கோலையும் உமியையும் படையாகப் பரப்பி எரிப்பதும், ஒளிபுகும் பொலித்தீனால் மூடி வெயிலிற் சூடேற்றுவதும் பயன்தரும். சாய்ந்த நாற்றுகளிடையே துள்வாலி மிகுந்திருப்பின் அது வியப்பன்று. அங்கே பூஞ்சணம் உண்டு. அதற்கு உணவு உண்டு. அவ்விடத்துப் பூச்சிநாசினி ஊற்றுபவர் பூஞ்சணத்தை ஒன்றுஞ் செய்யாமல், அதனைத் தின்பவற்றையே அழிப்பவராவர்.

தண்டு கத்தியால் வெட்டியதுபோற் துண்டிக்கப்பட்டிருந்தால், அருகே மண்ணைக் கிளறி வெட்டுப்புழுவைத் தேடுக.

துள்வாலியை ஒத்தவை

மண்ணில் வெண்மையாயும் விரைவாயும் ஓடுவதொன்று உண்டு. இதன் உணர்கொம்பு மணிமாலை போல நீண்டிருக்கும். கால்கள் வளர்ந்ததற்குப் பன்னிரண்டு சோடி. நூல்களில் இது சிம்பிலா எனப்படும். தோற்றத்தில் சிறு பூரான் போன்றது. துள்ளாது, மண்வெடிப்புக்குள் ஓடி மறையும். இது இளவேர்நுனிகளைக் கொறிப்பதால் உண்மையான பீடையே. கால்களை எண்ணினால் மயக்கம் தீரும். எண்ண இயலாவிடினும், ஆறுக்கு மேல் எனக் கண்டால் போதும்.

வேரைப் பற்றியபடி அசையாதிருக்கும், பேரிக்காய் வடிவான, மென்மையான உடலுடையவை வேர் அழுக்கணவன்கள். எறும்பு அருகே திரியும். தொட்டால் துள்ளுவதில்லை. வெண்மாப் பூசியவை வெண்மூட்டுப்பூச்சிகள். எட்டுக்கால்களும் உருண்ட உடலும் உடையவை சிற்றுண்ணிகள். மண்ணிற் சுறுசுறுப்பாக ஓடுஞ் சிற்றுண்ணிகளுட் பல துள்வாலியையே வேட்டையாடி உண்பவை. வயிற்றின் கடைசியில் இரண்டு நீண்ட இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளுயிரைக் கண்டால், அதனை அதன்பாட்டில் விட்டுவிடுக. அந்த இழைகள் மடிந்த கவைவாலல்ல. அவ்வுயிர் வேறொரு வகுப்பைச் சார்ந்தது.

கோவா, முள்ளங்கி இலைகளிலிருந்து துள்ளுவது பெரும்பாலுந் தெள்ளு வண்டு. இதன் முதுகு கடினமாய் மினுங்கும், பின்கால்களின் தொடை தடித்திருக்கும், அக்காலாலேயே துள்ளும். இலையிற் குண்டூசியாற் குத்தியதுபோன்ற வட்டத் துளைகள் இருக்கும். துள்வாலியை விரல்களிடையே நசுக்கினால் ஈரமன்றி ஒன்றும் எஞ்சாது, வண்டு நொறுங்கும்.

தோட்டங்களில் லயத்தின் குளியலறைச் சுவரிலும், நீர்த்தொட்டி அடியிலும் துள்வாலி பெருகும்போது, வீட்டினர் அதனை நாயிலிருந்து வந்த தெள்ளு எனக் கருதி அஞ்சுவதுண்டு. தெள்ளின் உடல் இருபுறமும் தட்டையாய், கபில நிறமாய், கடினமாய் இருக்கும். துள்வாலி கடிக்காது, இரத்தம் குடிக்காது. சுவரின் கசிவை நிறுத்தினால் அதுவும் நீங்கும்.

பெயரால் வருங் குழப்பம்

நெல் நாற்றைத் தாக்கும் பனிப்பூச்சியைச் சிங்களக் கமக்காரர் ‘பெல மெக்கா’ என்பர். மெக்கா என்பது தெள்ளு. ஆனால் இப்பூச்சி துள்ளித் தாக்குவதன்று, இலைச்சாற்றை உறிஞ்சுவது. பதுளை, ஆலி-எல பள்ளத்தாக்குகளில் இரு மொழியாரும் அயல் வயல்களிற் பயிர் செய்வதால், ஒருவர் ‘மெக்கா வந்துவிட்டது’ என்று சொல்ல, மற்றவர் தம் வரம்போரத்திற் துள்ளும் உயிரைப் பார்த்து அஞ்சி மருந்தெடுக்க நேரிடுகிறது. துள்ளுவது மெக்கா அன்று. மெக்கா எனப்படுவது துள்ளுவதன்று. இதனை மனத்திற் பதித்துக்கொள்க.

பனிப்பூச்சி ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் நீளமான, ஒடுங்கிய, கரிய உடலுடையது, குஞ்சு இளமஞ்சள். வளர்ந்ததற்கு ஓரத்தில் மயிர்வரிசை கொண்ட ஒடுங்கிய இறகுகள் உண்டு. அவை முதுகின்மேல் மடிந்து ஒரு கோடாகத் தெரியும். தாக்குண்ட நாற்றின் இலைநுனி சுருண்டு, ஊசிபோலாகி, மஞ்சளாகிக் காயும். சுருளை விரித்தால் உள்ளே பூச்சி இருக்கும். நீரில் நனைத்த உள்ளங்கையால் நாற்றுகளைத் தடவிப் பார்த்தால், கரும்புள்ளிகளாய்க் கையில் ஒட்டிக்கொள்ளும். மழையற்ற நாட்களில் இளநாற்றிலேயே இதன் கேடு மிகுதி. நீர் வசதியுள்ளவர்கள் நாற்றை ஒன்றிரண்டு நாட்களுக்கு நீரில் முற்றாக மூழ்கச் செய்து பின்னர் வடியவிட்டால் பெரும்பகுதி அழியும். துள்வாலியோ மூழ்கடித்தால் மிதக்கும்.

தத்திக்குஞ்சுகளும் துள்ளும், கபிலநிறத் தத்தியாகிய அறக்கொட்டி நெற்பயிரின் அடித்தண்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாயிருக்கும். கிட்டப்போனால் தண்டைச் சுற்றி மறுபுறம் நகரும். ஆப்புப் போன்ற வடிவமும், பின்கால்களின் வலிமையும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

சிரட்டைச் சோதனை

துள்வாலியின் மேற்றோல் நீரை ஒட்டவிடாது. சிரட்டையில் முக்காற் பங்கு தண்ணீர் எடுத்து, ஐயத்துக்குரிய மண்ணை ஒரு சிட்டிகை தூவி, மெல்லக் கலக்கிச் சிறிது நேரம் வையுங்கள். மண் அடியிற் படியும். துள்வாலிகள் நனையாமல் நீரின்மேல் வந்து நிற்கும். ஊதினால் அந்நீர்ப்பரப்பிலேயே துள்ளும். சிம்பிலாவும் புழுவும் நனைந்து நீருள்ளே நெளியும். கைவில்லை இல்லாதவருக்கு இச்சோதனையே போதும்.

இன்னும் நுட்பமாக மண்ணின் உயிர்களைக் காண விரும்புவோர், பிளாத்திக்குப் போத்தல் ஒன்றை இரண்டாக வெட்டி, மேற்பாதியைப் புனல்போற் கவிழ்த்து, அதனுள் நுளம்புவலைத் துண்டொன்றை வைத்து, ஒரு பிடி மண்ணை அதன்மேற் பரப்புக. கீழே சிறு போத்தலில் ஸ்பிரிற்று வைக்கப்படவேண்டும். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூடுதரும் பழைய இழைமின்குமிழை இரண்டு நாட்கள் எரியவிட்டால், காய்ச்சலைத் தாங்காத உயிர்கள் கீழிறங்கி ஸ்பிரிற்றில் விழும். இத்தாலியரான பெர்லேசே 1905ஆம் ஆண்டில் அமைத்த கருவியின் எளிய வடிவம் இது. ஸ்பிரிற்று உள்ள இடத்தில் விளக்குச் சுவாலை ஆகாது. சாணமும் கூட்டெருவும் இட்ட பாத்தியின் மண்ணையும், பல போகம் வெறும் பசளையும் நாசினியும் கண்ட பாத்தியின் மண்ணையும் இவ்வாறு அருகருகே சோதித்துப் பார்ப்பது, கமக்காரர் பாடசாலை செல்லும் தம் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யத்தக்க வேலை.

வயலிலே

முதல் நீர் பாய்ச்சி உழும்போது, வரம்போர நீரின்மேல் சாம்பலைத் தூவியதுபோல் ஒரு படலம் தோன்றுவதுண்டு. விரலால் தொட்டால் படலம் சிதறித் துள்ளும். இதுவும் துள்வாலியே. வெலிமடைப் பக்கத்தில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு செய்து, பெரும்போகத்தில் நெல்லுக்கு நீர் கட்டும் வயல்களில், மக்கிய இலைதழை மிகுந்திருப்பதால் இப்படலத்தை எதிர்பார்க்கலாம். இதற்கு மருந்து தெளித்தல் வீண் மட்டுமன்று, கேடுமாகும். யாவாத் தீவின் வயல்களிற் செற்றில் என்பவரும் உடனாய்வாளரும் நடத்தி 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. போகத் தொடக்கத்தில், நெற்பீடைகள் வருமுன்னர், சிலந்திகளும் பிற வேட்டைப்பூச்சிகளும் மக்கியதைத் தின்னும் சிற்றுயிர்களை உண்டே பெருகுகின்றன. பின்னர் தத்தி வரும்போது அவற்றை எதிர்கொள்ளப் படை ஆயத்தமாக இருக்கும். தொடக்கத்திலேயே காரணமின்றித் தெளிப்பவர் அப்படையையும் அதன் உணவையும் ஒருங்கே அழித்து, அறக்கொட்டிக்கு வயலைத் திறந்துவிடுகிறார். இந்தோனேசிய அரசாங்கம் 1986ஆம் ஆண்டில் நெல்லுக்குரிய 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது இவ்வகைப் பேரழிவைக் கண்ட பின்னரே.

நாசினி ஊற்றினால் துள்வாலி ஒழியும் என்பதுங்கூட எப்போதும் உண்மையாவதில்லை. 1950களில் இங்கிலாந்தில் டீ.டீ.ரீ. இட்ட நிலத்தில் துள்வாலிகள் குறையாமற் பெருகின. அவற்றை வேட்டையாடும் சிற்றுண்ணிகளே மிகுதியாக மாண்டமை அதற்குக் காரணம். டீ.டீ.ரீ. இன்று நம் நாட்டுப் பயிர்ச்செய்கைக்கு அனுமதிக்கப்படாதது. எனினும் அந்த அனுபவம் வேறு நாசினிகளுக்கும் பொருந்தும். நாற்றுத் தட்டில் துள்வாலி மிகுந்து மனத்துக்கு ஒவ்வாதிருந்தால், நீரைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிடுங்கள். வேறொன்றும் வேண்டியதில்லை.

ஐயம் தீராதவர்கள்

இனப்பெயரை உறுதியாகச் சொல்வதற்குக் கண்ணின் புள்ளிகளையும், செதில்களையும், கவைவாலின் நுனிப் பல்லையும் நுணுக்குக்காட்டியிற் பார்க்கவேண்டும். அதனைக் கமக்காரர் செய்தல் இயலாது. ஈரத் தூரிகையின் நுனியால் உயிர்களைத் தொட்டெடுத்து, ஸ்பிரிற்று உள்ள சிறு போத்தலில் இடுக. தண்ணீரில் இட்டால் மிதந்து கெடும். பஞ்சில் வைத்தால் நசுங்கும். இடம், தேதி, பயிர், கன்றின் வயது, இதுவரை இட்ட பசளை, தெளித்த நாசினி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டைப் போத்தலுக்குள்ளேயே போடவேண்டும். மையெழுத்து ஸ்பிரிற்றிற் கரைந்துவிடும்.

பூச்சியை மட்டுங் கொண்டுவருதல் போதாது. முற்றாக வாடிய கன்றொன்று, வாடத் தொடங்கியதொன்று, நல்ல நிலையிலுள்ளதொன்று ஆகிய மூன்றையும் வேர்மண்ணோடு கிளப்பி, ஈரச்சாக்கில் தனித்தனியே சுற்றி, அன்றே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, பண்டாரவளையிலுள்ள பிராந்திய விவசாய ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்திலோ ஒப்படைக்கலாம். விடை கிடைக்கும்வரை அப்பாத்திக்கு எந்த நாசினியும் இடவேண்டாம்.